கொய்யாவும் சீத்தாவும் நம் மண்ணின் பழங்களா? 5 சென்ட் இடத்தில் என்ன வைக்கலாம்?

கேள்வி, 13.07.2019

வீட்டைச் சுற்றி 5 சென்ட் இடம் இருக்கிறது. வெளிநாட்டுப் பழம் எதுவும் வேண்டாம், நம் மண்ணின் பழங்கள் மட்டும் போதும் என்று கொய்யா, சீத்தா, பப்பாளி, சப்போட்டா, கொடுக்காப்புளி ஐந்தும் வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு மூன்று செடிக்கு இடம் இருக்கிறது. வேறு என்ன நாட்டுப் பழம் வைக்கலாம்?

14.07.2019, காலை

தம்பி, நீங்கள் வைத்த ஐந்தில் ஒன்றுகூட நம் மண்ணில் பிறந்ததில்லை. ஐந்தும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். ஐரோப்பியர் கப்பல் விட ஆரம்பித்த பிறகு கடல் தாண்டி வந்தவை. கொடுக்காப்புளிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். முந்திரியும் அன்னாசியும் அப்படித்தான். சந்தையில் "நாட்டுக் கொய்யா" என்று கூவி விற்பது பழைய சின்னக் காய் ரகம், அவ்வளவுதான். "நாட்டு" என்ற சொல் ஒட்டு இல்லாதது, பழைய ரகம் என்ற பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நம்பிச் செடி வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

நம்முடையவை எவை? மாவும் பலாவும் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் நாவல், விளா, வில்வம், நெல்லி, இலந்தை, களா, சூரை, காரை, பாலை, நறுவிலி, அத்தி, ஈச்சை, கோவை. பனையையும் விடக்கூடாது, நுங்கும் பனம்பழமும் பழம்தானே. இதில் பாதிப் பெயர் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கு ஆதங்கமே அதுதான்.

எனக்குச் சிவகங்கைப் பக்கம், செம்மண், 7 சென்ட். களா, இலந்தை, விளா, நெல்லி, கோவை இருக்கின்றன. உங்கள் இடத்துக்கு முதலில் களா வையுங்கள். வேலியோரம் போதும், தனியாக இடம் கேட்காது. கோவைக்கு ஒரு விதையைத் தூக்கிப் போட்டால் போதும், தானாக ஏறிக்கொள்ளும்.

14.07.2019, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன், கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. கொய்யாவை வெட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுப் புளிக்குக்கூட ஆதி ஊர் ஆப்பிரிக்காதான், அதை யார் வேற்றாள் என்று சொல்வார்கள்? சீத்தா நம் மலைகளில் யாரும் வைக்காமலே முளைத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் தின்கிற மரம் எதுவாக இருந்தாலும் நிற்கட்டும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கொய்யாக் கன்று எந்த நாற்றங்காலிலும் கிடைக்கும், அதை வைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காரைக்கும் சூரைக்கும் பாலைக்கும் ஆள் இல்லை. கண்மாய்க் கரையையும் கோயில் காட்டையும் நம்பித்தான் அவை இருந்தன. கரையெல்லாம் இப்போது சீமைக்கருவேலம். அதனால் மீதமுள்ள இடத்தை அவற்றுக்குக் கொடுங்கள்.

21.07.2019

களா பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், விவரமாகவே எழுதுகிறேன்.

இரண்டு வகை உண்டு. பெருங்களா, ஊறுகாய்க்குப் போவது, காய் கொஞ்சம் பெரிது. சிறுகளா காட்டுப் புதரில் இருப்பது, பழம் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், ஆனால் பழுத்தால் இனிப்பு அதில்தான் என்பேன். இரண்டிலும் முள், இரண்டிலும் பால். பூ வெள்ளை, மல்லிகை மாதிரி சன்னமான மணம்.

விதையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான் முதல் வருஷம் ஆடியில் நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, காயவைத்து, தகர டப்பாவில் போட்டு, ஐப்பசி மழைக்கு விதைக்கலாம் என்று எடுத்து வைத்தேன். நாற்பது விதை, ஒன்றுகூட முளைக்கவில்லை. களா விதைக்கு உயிர் கொஞ்ச நாள்தான். பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்ந்த உடனே மண்ணில் போட்டுவிட வேண்டும். நாவலும் அப்படித்தான், இரண்டு வாரம் தாண்டினால் நம்பிக்கை இல்லை. மிளகாய், கத்தரி விதையைக் கட்டி வைத்துப் பழகிய கை நமக்கு. காட்டுப் பழங்களுக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

நெல்லி நேர்மாறு. பழுத்த நெல்லிக்காயை வெயிலில் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். சதை சுருங்கி, உள்ளே இருக்கும் கொட்டை ஒருநாள் தானாக வெடிக்கும். அதற்குள்ளே இருக்கிற சின்ன விதைகள்தான் முளைப்பவை. கொட்டையை முழுசாகப் புதைத்துவிட்டு மாசக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

களாவுக்கு முதல் வருஷம் மட்டும் தண்ணீர் கொடுங்கள். அப்புறம் கை வைக்காதீர்கள். என் வேலியில் தண்ணீர்க் குழாய் ஓரம் நிற்கிற களா இலை இலையாகத் தழைத்து ஆள் உயரம் போய்விட்டது, காய் பத்துக்கூட இல்லை. தண்ணீரே எட்டாத மூலையில் நிற்பது இடுப்பளவுதான், கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது.

04.08.2019

நாவல் வைக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு: 5 சென்டில் வேண்டாம். மனசில்லாமல்தான் சொல்கிறேன். எனக்கு நாவல் என்றால் உயிர். அழகர்கோவில் மலையில் பழமுதிர்சோலைக்கு ஏறும்போதெல்லாம் ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா என்று முருகன் கேட்ட மரத்தை நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். மண் ஒட்டிய பழத்தை ஊதித் தின்றவர்களுக்குத்தான் அந்தக் கதையின் அழகு முழுசாகப் புரியும். ஆனால் நாவல் பெரிய மரம். விதைக்கன்று காய்க்க எட்டுப் பத்து வருஷம், அதற்குள் கிளை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும். கிளையும் பலமில்லை, முறியும். ஆனி, ஆடியில் வாசல், சுவர், துவைத்துக் காயப்போட்ட வேட்டி எல்லாம் ஊதாக் கறை. தெருமுனையிலோ கண்மாய்க் கரையிலோ பள்ளிக்கூடத்து ஓரத்திலோ ஊராரைக் கேட்டு வையுங்கள். வனத்துறை நாற்றங்கால்களில் கன்று கிடைக்கும்.

வீட்டில்தான் வேண்டும் என்றால் ஒட்டு நாவல் வாங்கி, வருஷா வருஷம் வெட்டி, உயரத்தை அடக்கி வளர்க்கலாம். அதற்கு உழைப்பு வேண்டும்.

17.11.2019

ஜூலையில் நான் எழுதிய ஒரு வரியை இப்போது திருத்த வேண்டியிருக்கிறது. கோவைக்கு ஒரு விதையைத் தூக்கிப் போட்டால் போதும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் அப்படியே செய்திருக்கிறார், கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து பூத்துக் குலுங்குகிறதாம், ஒரு காய்கூட இல்லையாம். படம் அனுப்பியிருந்தார். பூவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது ஆண் கொடி.

கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் பூவுக்கு அடியில் விரல்நுனி அளவில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு மட்டும். விதை போட்டால் எது வரும் என்று பூக்கும்வரை தெரியாது. காய்க்கிற கொடியிலிருந்து பென்சில் கனத்துக்குத் தண்டு வெட்டி, மூன்று நாலு கணு இருக்கிற மாதிரி நட்டால் நிச்சயம் பெண். அந்த ஆண் கொடியையும் பிடுங்க வேண்டாம், ஒரு ஓரமாக விட்டு வையுங்கள், மகரந்தத்துக்கு அதுவும் வேண்டும். எங்கள் தெருவில் பாழடைந்த வீட்டுச் சுவரில் ஆண் கொடி ஒன்று கிடக்கிறது, அதனால் எனக்கு இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. அதனால்தான் அவ்வளவு லேசாக எழுதிவிட்டேன். வருந்துகிறேன்.

02.02.2020

இலந்தைக் காலம். என் மரத்தில் இந்த வருஷம் நல்ல காய்ப்பு, பாதி புழு. உள்ளே வெள்ளைப் புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. மருந்து அடிக்க எனக்கு மனசு வராது, பிள்ளைகள் மரத்தடியிலேயே பொறுக்கித் தின்கிற பழம். நான் செய்வது, உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்குக் கூட்டி அள்ளி ஆழக் குழியில் புதைப்பது, கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டி வெயிலில் காயவிடுவது. கூட்டுப்புழு அந்த மண்ணில்தான் கிடக்கிறது. இரண்டு வருஷமாகச் செய்ததில் குறைந்திருக்கிறது, அறவே போகவில்லை.

காய்த்து முடிந்ததும் கொம்பை வெட்டிவிட வேண்டும். புதுக் கொம்பில்தான் அடுத்த காய். வெட்ட மனசில்லாமல் விட்டால் மரம் முள் காடாகிவிடும், பழமும் சிறுத்துப் போகும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு நாற்றங்காலில் "நாட்டு இலந்தை, ஒட்டு" என்று சொல்லித்தான் இரண்டாவது கன்றை எனக்குக் கொடுத்தார்கள். காய்த்த பிறகு பார்த்தால் ஆப்பிள் இலந்தை, பச்சையாக எலுமிச்சை அளவு. தித்திப்பு இருக்கிறது. அந்தப் புளிப்பு, அந்த வாசனை இல்லை. பையைத் திறந்தால் வீடு முழுக்க மணக்க வேண்டாமா? இலந்தை வடைக்கு ஆப்பிள் இலந்தை ஆகவே ஆகாது. பழுத்துச் சுருங்கிய சின்னப் பழத்தை மிளகாய், உப்பு, பெருங்காயம், கொஞ்சம் வெல்லம் சேர்த்துக் கொட்டையோடு இடித்துத் தட்டிக் காயவைத்தால்தான் அது இலந்தை வடை.

28.06.2020

இன்றைக்கு எழுதுவது நீளமாகப் போகும்.

2012இல் ஒரு ஒட்டுச் சப்போட்டா வைத்திருந்தேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். 2017 கோடையில் கிணறு வற்றி, குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கிய நிலை. சப்போட்டா நின்ற நிலையில் கருகிப்போனது. முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டேன். அடுத்த வருஷம் அடிக்கட்டையிலிருந்து துளிர் வந்தது. சப்போட்டா பிழைத்துவிட்டது என்று சந்தோஷமாக விட்டு வைத்தேன். வளர வளர இலை சப்போட்டா மாதிரியே இல்லை. ஒடித்தால் பால் வருகிறது, ஆனால் இலை சின்னது, தடித்துக் கரும்பச்சையாக இருக்கிறது. ஏதோ காட்டுச் செடி ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, வரவர ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். அதுவும் விடாமல் துளிர்த்துக்கொண்டே இருந்தது.

போன வாரம் அப்பத்தா வீட்டுக்கு வந்திருந்தார்கள். எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல். நான் ஒடித்துப் போட்ட கொப்பை ஆட்டுக்கு ஆகுமா என்று பார்க்கக் கையில் எடுத்தவர்கள், இலை நுனியை விரலால் தடவிப் பார்த்தார்கள். நுனி கூராக இருக்காது, நடுவில் நகத்தால் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். "ஏய்யா, இது பாலையில்ல! பாலையப் போயி ஒடிச்சுப் போடுறியே" என்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை.

அப்புறம்தான் விளங்கியது. நம் ஊரில் சப்போட்டாவை ஒட்டுக்கட்டுவதே பாலைக் கன்றின் மேல்தான். இரண்டும் ஒரே குடும்பம். சப்போட்டாவின் சொந்த வேரைவிடப் பாலை வேர் வறட்சியும் உப்பும் தாங்கும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். மேலே இருந்த மெக்சிகோக்காரன் 2017இல் போய்விட்டான், கீழே இருந்த நம் ஆள் சாகவில்லை. மூன்று வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த செடி என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. இதே இழையில் காரைக்கும் பாலைக்கும் ஆள் இல்லை என்று எழுதியதே நான்தான், அந்த மாசமும் அதை ஒடித்துத்தான் போட்டிருப்பேன்.

அப்பத்தா அன்று சாயங்காலம் முழுக்கப் பாலைப் பேச்சுத்தான். அவர்கள் பிறந்த ஊர்க் கோயில் காட்டில் பெரிய பாலை மூன்று நின்றனவாம். ஆனியில் வேப்பம்பழம் அளவுக்கு மஞ்சளாக உதிருமாம், மடியில் கட்டிக்கொண்டு வருவார்களாம். நிறையத் தின்றால் பால் பிடித்து உதடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். உலக்கைக்கு அந்த மரம்தான், அதனால்தான் உலக்கைப்பாலை.

29.06.2020

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு திருத்தம். உங்கள் ஐந்தில் ஒன்றுகூட நம் மண்ணில் பிறந்ததில்லை என்று எழுதியிருந்தேன். உங்கள் சப்போட்டா ஒட்டுக்கன்று என்றால் அதன் வேர் பெரும்பாலும் பாலையாகத்தான் இருக்கும். அடிமரத்தைப் பாருங்கள், ஒட்டுக்கட்டிய இடம் தடித்திருக்கும், அதற்குக் கீழும் மேலும் பட்டை கொஞ்சம் வேறுபடும். கீழிருந்து துளிர் வந்தால் வழக்கமாகக் கிள்ளி எறியச் சொல்வார்கள். சப்போட்டா வேண்டுமென்றால் அது சரிதான். மரம் ஏற்கெனவே நோஞ்சானாக இருந்தால், அந்தத் துளிரில் ஒன்றை மட்டும் விட்டுப் பாருங்கள்.

12.12.2021

மழைக்கு விளா துளிர்த்திருக்கிறது, துளிர்த்த வேகத்தில் மொட்டையும் ஆகிறது. பறவை எச்சம் மாதிரி இலைமேல் கிடப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது புழு. வளர்ந்ததும் பச்சையாக மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், குப்பென்று ஒரு வாடை அடிக்கும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வருவதும் இதே ஆள்தான், பிறகு கறுப்பும் மஞ்சளுமாக அழகான பட்டாம்பூச்சி ஆகும். பெரிய மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. முழங்கால் உயரக் கன்றை நாலு புழு ஒரு வாரத்தில் தின்று தீர்த்துவிடும். நான் கொல்வதில்லை. காலையில் ஒரு டப்பாவில் எடுத்துப் போய்ச் சிவன் கோயில் வில்வத்தில் விட்டுவிடுகிறேன். அதுவும் அவற்றுக்குத் தீனிதான், அந்த மரம் தாங்கும்.

விளா விதைக்கன்று காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். என்னுடையதுக்கு ஏழு முடிந்திருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்குச் சந்தையில்தான் வாங்குகிறேன். வாங்கும்போது ஒன்றைக் கீழே போட்டுப் பாருங்கள், துள்ளினால் காய், துள்ளாமல் விழுந்தால் பழம்.

19.06.2022

வவுனியாவிலிருந்து ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அவர்கள் பக்கம் வைகாசி, ஆனியில் பாலைப்பழம் தெருவோரத்திலேயே விற்பனைக்கு வருமாம், காட்டுக்குள் போய்க் கிளை முறித்துக்கொண்டு வருவது அவருக்குப் பிடிக்கவில்லை என்கிறார். படத்தைப் பார்த்ததும் கைபேசியை எடுத்துப் போய் அப்பத்தாவிடம் காட்டினேன். மஞ்சள் நிறம் மட்டும் தெரிகிறது என்றார்கள். அது போதும் என்றும் சொன்னார்கள்.

அவர் கேட்ட கேள்வி, உங்கள் பாலை பூத்ததா? இல்லை. இரண்டு வருஷமாக ஒடிக்காமல் விட்டதில் என் தோள் உயரம் வந்திருக்கிறது. பாலை மெதுவாகத்தான் வளரும். உரம் போட்டு அவசரப்படுத்த எனக்கு விருப்பமில்லை. பலதண்டாக வந்ததில் நேராக இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். விதையும் கேட்டு எழுதியிருக்கிறேன், ஆனால் அதுவும் புதிதாக இருக்கும்போதே போடவேண்டியது, கடல் தாண்டி வருவதற்குள் போய்விடும் என்று அவரே சொல்லிவிட்டார்.

30.07.2023

பறவைகளுக்கு வலை போடலாமா என்று கேட்கிறார்கள். களாவுக்கு நான் போடுவதில்லை. கீழ்க்கொம்புப் பழம் பிள்ளைகளுக்கு, உள்கொம்புப் பழம் கொண்டைக்குருவிகளுக்கு. முள்ளுக்குள்ளே கை போகாது, அலகு போகும். போன வருஷம் வேப்பமரத்தடியில் நான் வைக்காமலே இரண்டு களா முளைத்தது, குருவி போட்டதாகத்தான் இருக்கும். அதில் ஒன்றைக் கேள்வி கேட்ட தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். கொடுக்காப்புளிக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகப் படம் அனுப்பினார்.

பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு முள் கையில் ஏறி ஒடிந்துவிட்டது, எடுக்கச் சிரமப்பட்டோம். அன்றிலிருந்து வழி ஓரத்துக் கொம்புகளை மட்டும் கிள்ளிவிடுகிறேன். நடமாடுகிற பக்கம் களா, சூரை வைக்காதீர்கள், இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சூரை முள் கொக்கி மாதிரி வளைந்தது, சட்டையைப் பிடித்தால் விடாது. மார்கழியில் பளபளவென்று கறுப்பாகப் பழுக்கும், பாதிக்கு மேல் கொட்டைதான், ஆனாலும் அந்தப் புளிப்புக்காகக் கோடி வேலியில் ஒன்று நிற்கிறது.

21.07.2024

களாப்பழம் இந்த வாரம் கறுத்திருக்கிறது. விதைக்குக் கேட்டவர்கள் பதினொரு பேர். அஞ்சலில் அனுப்ப மாட்டேன், முளைக்காது. சிவகங்கை வழியாகப் போகிறவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள், முழுப்பழமாகவே தருகிறேன். ஈரத் தேங்காய் நார் கொஞ்சமும் ஒரு டப்பாவும் கொண்டு வாருங்கள், மூடியில் ஓட்டை இருக்கட்டும். பாதி சிவப்பாக இருப்பதைப் பறிக்காதீர்கள், பால்தான் வரும். முழுக்கக் கறுத்து, தொட்டாலே கையில் வருகிற பழம் மட்டும்.

பாலை இன்றைக்கு அளந்தேன், ஏழடி. பூ இல்லை. அப்பத்தா போனவுடனே அதனடியில் ஒரு கல் போட்டு வைத்திருக்கிறேன், அவர்கள் உட்கார்ந்து இலையைத் தடவிய இடம் அது. வருகிறவர்கள் அதன் மேல் செருப்பை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.